மழையில் தெரிந்த வாசல்

வீடு பார்க்க வருகிறவர்கள் எதைப் பார்ப்பார்கள் என்று என்னைக் கேளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் இந்த ஒரே கடையில் பதினான்கு வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். என் தலைக்கு மேலேதான் வாடகை வீடு. ஆண்கள் வந்தால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். பெண்கள் நேரே அடுப்படிக்குப் போய்ப் புகை போக வழி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பார்கள். புஷ்பவல்லி இரண்டையும் பார்க்கவில்லை. அவள் சுவர்களைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

இதை என்னிடம் சொன்னவர் வீட்டுக்காரர் விநாயகமூர்த்தி. யாழ்ப்பாணத்துக்காரர். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். குடை இல்லாமல் காய்கறி வாங்கப் பாசாருக்குக்கூடப் போக மாட்டார். அன்றைக்கு வந்தவர்களை அனுப்பிவிட்டு என் கடைக்குள் வந்தார், குடையைத் தரையில் ஊன்றினார், பொரிந்து தள்ளினார்.

"இராமலிங்கம், ஓடு புதுசு, பலகை புதுசு, மின்சார வெளிச்சம் புதுசு. மூலை முடுக்கெல்லாம் சுண்ணாம்பு. ஒண்டையும் அவள் பாக்கேல்லை. இந்த வீட்டில ஆராவது செத்தவையோ எண்டு கேக்கிறாள்!"

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒருத்தரும் சாகேல்லை எண்டன். பொய்யோ?"

"பொய்யில்லை."

"அப்ப நீரும் ஒரு உதவி செய்யும். நீர் விழுந்த கதையை அவளுக்குச் சொல்லாதையும். வயித்தில அஞ்சு மாசம். பயந்த பிள்ளை போலக் கிடக்கு."

சரியென்று தலையாட்டினேன். அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டு திரிய எனக்கும் ஆசை கிடையாது. அதற்கு இரண்டு வருஷம் முன்புவரை அந்த மாடியில் குடியிருந்தவன் நான்தான். விழுந்து இடுப்பு கெட்டதிலிருந்து படியேறுவதில்லை. கடைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையிலேயே சமைத்து அங்கேயே படுத்துக்கொள்கிறேன். மேலே காலியாகக் கிடந்ததால்தான் அவர் கூரையைப் பிரித்துப் போட்டு எல்லாவற்றையும் புதுசாக்கினார். ஆக, என் இடுப்பு உடைந்ததில் அந்த வீட்டுக்கு யோகம்.

புஷ்பவல்லி ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. நீங்களும் என்னைப் போல முட்டாளாக இருக்க வேண்டாம், இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. புருஷன் பக்கிரிசாமிக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. கல்யாணமாகி நாலு வருஷம் கிள்ளானில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்தார்கள். அங்கே முதல் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. இரண்டாவது அழவே இல்லை. இரண்டாவதைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்து, "இப்பதான் சொல்றேன்னு நினைக்காதே" என்று ஆரம்பித்திருக்கிறாள். அந்த வீட்டில் முன்பு இருந்த கிழவர் அடைப்பில் போனவராம்.

அடைப்பு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சில நட்சத்திரங்களில் உயிர் போனால் ஆகாது என்பார்கள். அப்படிப் போனவரை வாசல் வழியாக எடுக்கக் கூடாது. பக்கத்தில் சுவரை இடித்து அந்த வழியாக எடுத்துவிட்டு உடனே அடைத்துவிட வேண்டும். வந்த வழி தெரியாமல் போனவர் திரும்பி வராமல் இருப்பதற்காக. அந்த அறையையும் இத்தனை மாசம் என்று கணக்குப்படி பூட்டிவைக்க வேண்டும். வைக்காமல் ஆள் குடியேறினால், போனவர் துணைக்கு ஆள் தேடுவார், அதிலும் பச்சைக் குழந்தை என்றால் முதலில் தேடுவார் என்று பெண்கள் பேசிக்கொள்வார்கள். கிள்ளான் வீட்டில் அடுப்புக்குப் பின்னால், சுவரில் கதவு அகலத்துக்கு ஒரு ஒட்டு இருந்திருக்கிறது. நாலு வருஷமாக அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் அவள் சோறு வடித்திருக்கிறாள்.

மூன்றாவது வயிற்றில் நின்றதும் அவள் புருஷனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். யாரும் சாகாத வீடு வேண்டும். பக்கிரிசாமி மேலதிகாரியின் காலைப் பிடிக்காத குறையாக மாற்றல் வாங்கினான். வேலை விட்டு வந்து சாயங்காலமெல்லாம் நடந்தான். சாலாக் செலாத்தான்வரை போய்ப் பார்த்தான். புதுசாகத் திருத்திய வீடு, சுண்ணாம்பு வாசனை போகாத வீடு, இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்துத்தான் இங்கே அழைத்து வந்தான். அவள் மூலை மூலையாகத் தடவினாள். வழவழவென்று இருந்தது. சரியென்றாள்.

ஆவணியில் ஒரு நல்ல நாளில் பால் காய்ச்சினார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கீழே வந்தது. கொண்டுவந்தவன் பக்கிரிசாமி. "உங்க தங்கச்சிதாண்ணே கொடுக்கச் சொல்லுச்சு, பொங்கி வழிஞ்சிருச்சுண்ணே, நல்ல சகுனம்னு சொல்லுச்சு" என்று அவன் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

மேலே பலகைத் தளம். அதுதான் எனக்குக் கூரை. யார் எங்கே நடக்கிறார்கள், எங்கே உட்காருகிறார்கள் என்பது பார்க்காமலே தெரியும். முதல் இரண்டு மாசம் அவள் கால் ஒரு இடத்தில் நிற்காது. காலையில் பெரிய அறையில் பெருக்கும் சத்தம், பிறகு அடுப்படி, மத்தியானம் மறுபடி பெரிய அறையில் பாய் விரிக்கும் சத்தம். சில நேரம் ஏதோ முணுமுணுப்பாள், வயிற்றில் இருப்பதோடு பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். என் தையலுக்குக்கூட அது துணையாக இருந்தது. எனக்குத் துணை பிடிக்கும் என்று அதற்குமுன் எனக்கே தெரியாது.

ஐப்பசியில் மழை பிடித்தது. இந்த ஊர் மழை தெரியுமே, மத்தியானம் மூன்று மணிக்கு வானம் உடைந்தமாதிரிக் கொட்டும். நாலைந்து நாள் விடாமல் பெய்தது. ஆறாம் நாள் பக்கிரிசாமி கீழே வந்தான்.

"அண்ணே, சுத்தியல் இருக்கா? ரெண்டு பெரிய ஆணியும் வேணும்."

"எதுக்கு?"

"முருகர் படம் மாட்டணும்ணே. பெரிய படம்."

அவன் முகம் சரியில்லை. நான் கேட்கவில்லை. பிறத்தியார் முகத்தைப் பார்த்து விசாரிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அது நல்ல பழக்கம் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். மேலே ஆணி அறைகிற சத்தம் கேட்டது. தாழ்வாரத்துப் பக்கச் சுவர் என்று தெரிந்தது. அதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

நடந்தது இதுதான். மழை ஈரம் சுவரில் ஏறியதும், சுண்ணாம்புக்கு அடியிலிருந்து ஒரு கோடு தெரிய ஆரம்பித்தது. பழைய செங்கல் ஒரு மாதிரி தண்ணீர் குடிக்கும், புதுச் செங்கல் வேறு மாதிரி குடிக்கும். வாசல்கதவுக்குப் பக்கத்தில், பெரிய அறைச் சுவரில், ஆள் உயரத்துக்கும் கதவு அகலத்துக்கும் மங்கலாக ஒரு நீள்சதுரம். நாளுக்கு நாள் கறுத்தது. கதவு இல்லாத ஒரு வாசல் மாதிரி.

புஷ்பவல்லி காலையில் பெருக்கும்போது பார்த்தாள். துடைப்பத்தைக் கீழே போட்டவள் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் பொய் சொல்லிவிட்டார் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. புதுசாக்கினது வீட்டை அல்ல, சாவைத்தான் பூசி மறைத்திருக்கிறார்கள். புருஷனிடம் சொல்லலாமா என்று நினைத்தாள். எத்தனை சாயங்காலம் நடந்து அலைந்து பிடித்த வீடு! சொன்னால் அவன் உடைந்துபோவான். அதோடு, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை வாயால் சொல்லவே அவளுக்குப் பயம்.

பக்கிரிசாமியும் பார்த்துவிட்டான். அவள் பார்ப்பதற்குள் மறைத்துவிட வேண்டும் என்று படம் மாட்டினான். அவள் பார்த்துவிட்டாள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் எதற்குப் படம் மாட்டினான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. அவனும் பயப்படுகிறான் என்றால் விஷயம் நிஜம்தான் என்று அவளுக்கு இன்னும் கெட்டியாகிவிட்டது. முருகர் படம் பெரியதுதான், ஆனால் வாசல் அளவுக்குப் பெரியதல்ல. படத்தைச் சுற்றி ஈரக்கோடு தெரிந்துகொண்டே இருந்தது.

எனக்குக் கேட்டதெல்லாம் காலடிச் சத்தம்தான். அது மாறியது. பெரிய அறைக்குள் அவள் போனால் ஒரு ஓரமாகவே போனாள். பிறகு போவதையே விட்டாள். இரவில் பாய் அடுப்படிக்குப் போனது. "உள்ளே புழுக்கமா இருக்கு" என்று புருஷனிடம் சொன்னாளாம். மழைக்காலத்தில் என்ன புழுக்கம்? அவனும் கேட்கவில்லை.

ஒருநாள் அவள் யாரிடமும் சொல்லாமல் சாலாக் செலாத்தானுக்குப் போயிருக்கிறாள். எட்டு மாச வயிற்றைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கேட்டிருக்கிறாள். பிரசவம் நெருங்கினவளை எவள் தன் வீட்டில் குடிவைப்பாள்? "பிள்ளை பொறந்தப்புறம் வாம்மா" என்று நல்லவிதமாகச் சொன்னார்கள், ஒருத்தி கதவையே சாத்திவிட்டாள். மழையில் நனைந்து திரும்பிவந்தவளை நான் பார்த்தேன். முழங்கால்வரை சேறு. எங்கே போனாய் என்று கேட்டிருக்கலாம். என் கடைவாசலில் சேறு ஆகிறதே என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

அதன் பிறகு அவள் பகலெல்லாம் பின்பக்கப் படிக்கட்டிலேயே உட்கார ஆரம்பித்தாள். செங்கல் படி, மொத்தம் பதினேழு. கீழ்ப்படி என் அறைக் கதவுக்கு எதிரே. காலையில் புருஷன் போனதும் வந்து உட்காருவாள். அங்கேயே அரிசி பொறுக்குவாள், அங்கேயே தட்டை வைத்துச் சாப்பிடுவாள், அங்கேயே தலை சாய்ந்து தூங்குவாள். கதவைத் திறந்தால் அவள் முதுகு. எனக்கு எரிச்சல் வந்தது. எனக்கு எரிச்சல் வர நேரம் காலம் வேண்டியதில்லை. இடுப்பு வலி ஒரு பக்கம், தீபாவளித் துணிகள் முடிந்தும் முடியாமலும் கிடப்பது ஒரு பக்கம். ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

"மேல வீட்டுக்கு வாடகை கொடுத்துட்டுப் படியில குடித்தனம் பண்றியாம்மா? ஆள் போக வர வழியில்லை."

அவள் தட்டை எடுத்துக்கொண்டாள். சுவரைப் பிடித்து எழுந்தாள். ஐந்து படி ஏறினாள். அங்கே மறுபடி உட்கார்ந்துவிட்டாள். திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. அது என்னவென்று எனக்குப் புரியவில்லை. இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

கார்த்திகை கடைசியில் ஒரு முற்பகல். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கிரிசாமி வேலைக்குப் போயிருந்தான். மெஷினை நிறுத்தி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். படிக்கட்டுப் பக்கம் ஒரு முனகல். யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால், மேல்படியில் புஷ்பவல்லி தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"வலி வந்திருச்சா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

வாசலில் எப்போதும் நிற்கும் சீன ரிக்‌ஷாக்காரனைக் கூப்பிட்டேன். "பிடான்! லெக்காஸ், லெக்காஸ்!" என்று கத்தினேன். மருத்துவச்சி வேண்டும், சீக்கிரம் என்பது அவனுக்குப் புரிந்தது. இரண்டு தெரு தள்ளியிருக்கும் மார்க்கிரட் வீட்டை அவனுக்குத் தெரியும். இந்த வட்டாரத்தில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவைதான். கால் மணி நேரத்தில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தான். அவளை இறக்கிவிட்டதும் பக்கிரிசாமியைத் தேடி கூட்ஸ் ஷெட்டுக்கு அனுப்பினேன்.

மார்க்கிரட் ஏறிப் போனாள். நான் கீழே நின்றேன். அப்போதே மழை பிடித்துக்கொண்டது. மேலே கதவுக்குள் போகிற சத்தம் கேட்கும், பலகையில் பாய் விரிக்கும் சத்தம் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்றும் கேட்கவில்லை. மார்க்கிரட்டின் அதட்டல்தான் கேட்டது. அதட்டல் கெஞ்சலாக மாறியது. அப்புறம் அவள் படி உச்சியில் வந்து நின்று கத்தினாள்.

"டெய்லர்! இவள் உள்ளுக்கு வாறாளில்லை! சாரல் அடிக்குது, தாழ்வாரத்தில தண்ணி ஓடுது, அதுக்குள்ள படுத்துக் கிடக்கிறாள்! கையில பிடிச்சா உதறுறாள்!"

"ஏனாம்?"

"அந்தச் சுவருக்குள்ளாலை பிரேதம் போனதாம்! அந்த அறைக்குள்ள பிள்ளையைப் பெத்தா அதுவும் போயிடுமாம்! ஏற்கெனவே ரெண்டு போனதாம்! இஞ்சை கிடந்தாளெண்டா இவளே போயிடுவாள், வந்து சொல்லுங்கோ!"

எந்தச் சுவர் என்று நான் கேட்கவில்லை. ஒரே நொடியில் எல்லாம் விளங்கியது. சுத்தியல், முருகர் படம், ஓரமாகப் போன காலடி, சேறு, படிக்கட்டு, அந்தப் பார்வை. அந்தச் சுவர் வழியாகப் போனவன் யார் என்று இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

இரண்டு வருஷமாக நான் ஏறாத படி. கைப்பிடிச் சுவரைப் பற்றி ஒரு காலைத் தூக்கி வைத்தேன், அடுத்த கால் வரவில்லை. திரும்பி உட்கார்ந்துகொண்டேன். கையைப் பின்னால் ஊன்றி, உடம்பைத் தூக்கி ஒரு படி மேலே வைத்தேன். மறுபடி ஒன்று. மழைத் தண்ணீர் படிவழியே இறங்கி என் வேட்டிக்குள் ஓடியது. வீட்டுக்காரரைத் திட்டினேன், அவர் சொன்னதற்குத் தலையாட்டிய என்னைத் திட்டினேன், செங்கல்லைத் திட்டினேன். பதினேழாவது படியில் உட்கார்ந்தபோது இடுப்பில் நெருப்பு வைத்தமாதிரி இருந்தது.

புஷ்பவல்லி தாழ்வாரத்தில் சுருண்டு கிடந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"அண்ணே, அந்த ரூமுக்குள்ள மட்டும் கொண்டு போகாதீங்கண்ணே. இதாவது எனக்கு நிக்கட்டும்."

"அம்மா, இங்க பாரு. அந்தச் சுவத்து வழியா எடுத்தது பிரேதத்தை இல்ல. என்னை."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்காகச் சொல்றீங்க."

"உனக்காகப் பொய் சொல்ல நான் என்ன உன் மாமியாரா? கேளு. மழைக்கு ஒழுகுதுன்னு ஓடு மாத்த மேல ஏறினேன். உளுத்த கட்டை முறிஞ்சு அந்த ரூமுக்குள்ளயே விழுந்தேன். டாக்டர் வந்து, முதுகு மடங்கினா ரெண்டு காலும் போயிரும், பலகையில நேரா படுக்கவச்சுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வரணும்னுட்டாரு. உன் வீட்டு நடை எப்படி இருக்கு? ஒரு ஆள் அகலம், அதுல ரெண்டு திருப்பம். பலகை திரும்புமா? கிராணியார் குடையோட நின்னு, தன் வீட்டுச் சுவத்தைத் தானே இடிக்கச் சொன்னாரு. கீழே என் கடையில துணி வெட்டுற பலகை இருக்குல்ல, அதுலதான் என்னைக் கட்டினாங்க. உன் ரவிக்கையை வெட்டினது அந்தப் பலகையிலதான்."

வலி வந்தது. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு முறுகினாள். மார்க்கிரட் என்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். வலி இறங்கியதும் புஷ்பவல்லி மூச்சிரைக்கக் கேட்டாள்.

"சத்தியமா?"

எனக்குக் கோபமே வந்துவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "செத்தவன் வந்து, படியில உட்காராதேன்னு உன்னைத் திட்டுவானாம்மா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்த நிலையிலும் அவள் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. பிறகு சொன்னாள்: "நீங்க முதல்ல உள்ள போங்கண்ணே."

நியாயந்தான். ஆனால் மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்கும் அந்த அறை என்றால் பயம். படியேற முடியாது என்று ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முயன்றிருந்தால் முன்பே ஏறியிருக்கலாம். அந்த முறிகிற சத்தத்தைத் தூக்கத்தில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். கதவைப் பிடித்து, நடையில் சுவரோடு சுவராகத் தேய்ந்து, இரண்டு திருப்பமும் திரும்பி உள்ளே போனேன். வெள்ளையடித்த அறை, மேலே புதுக் கட்டைகள், ஒரு பல்பு. முருகர் படத்தைச் சுற்றி ஈரக்கோடு. நான் விழுந்த இடம் எனக்குத் தெரியும். அங்கே போய், மல்லாந்து படுத்தேன்.

"இந்தா, படுத்துட்டேன். தலை இங்க, கால் இங்க. வந்து பாரு!" என்று கத்தினேன்.

நடையில் காலடி கேட்டது. மார்க்கிரட் தாங்கிப் பிடிக்க, புஷ்பவல்லி அறை வாசலில் வந்து நின்றாள். ஈரம் சொட்டியது. என்னைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். வலது காலை உள்ளே எடுத்து வைத்தாள்.

அதற்குப் பிறகு அங்கே எனக்கு வேலை இல்லை. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. மார்க்கிரட் பார்த்தாள், "நல்ல நேரம் பாத்து நீரும்!" என்று பல்லைக் கடித்தாள், என் அக்குளில் கை கொடுத்து என்னை இழுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் தள்ளிக் கதவைச் சாத்தினாள். கிடந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். வழக்கமாகக் கீழேயிருந்து கேட்பவன், அன்று பக்கத்திலிருந்து கேட்டேன். நேரம் போகவே இல்லை. அவள் கத்துகிறபோது பரவாயில்லை. சத்தம் நின்றுபோகிற இடைவெளிகளில்தான் எனக்கு உயிர் போய் வந்தது. நான் தப்பாகச் சொல்லி உள்ளே கூட்டிவந்துவிட்டேனோ, ஏதாவது ஆனால் இந்தப் பெண் என்னை நம்பித்தானே வந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். கும்பிட்டு எத்தனையோ வருஷமான சாமிகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டேன்.

மழை விட்டது. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் இருந்தது. அப்புறம் குழந்தை அழுதது. சின்ன அழுகை இல்லை, வாடகை கேட்டு வந்தமாதிரி ஒரு அழுகை. அடுப்படித் தரையில் படுத்துக்கொண்டு நானும் அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

பக்கிரிசாமி தலைதெறிக்க ஓடிவந்தான். ரிக்‌ஷாக்காரன் ஷெட்டில் அவனைத் தேடிப் பிடிக்கவே நேரமாகிவிட்டதாம். பெண் குழந்தை, தாயும் நலம் என்று மார்க்கிரட் சொன்னதும் அவன் நேரே சுவருக்குப் போய் முருகர் படத்தின் முன்னால் நின்றானாம். புஷ்பவல்லி அவனைக் கூப்பிட்டு எல்லாம் சொல்லியிருக்கிறாள். அடுப்படிக்கு வந்தான். என் காலைத் தொட்டான். "விடுடா, அந்தக் காலைத் தொடாதே, வலிக்குது" என்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அவனோடு வேலைசெய்கிற மூன்று பேர் குழந்தை பார்க்க வந்தார்கள். என்னைக் கீழே இறக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாலு பேரும் நாலு பக்கம் பிடித்தார்கள். நடையின் முதல் திருப்பத்தில் நாற்காலி மாட்டிக்கொண்டது. இப்படிச் சாய்த்தார்கள், அப்படித் தூக்கினார்கள். அவர்களில் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தான்.

"என்ன அண்ணே, மறுபடி சுவத்தை இடிச்சிரலாமா?"

பக்கிரிசாமி சிரிக்கவில்லை. பெரிய அறையிலிருந்து புஷ்பவல்லியின் குரல் வந்தது. காலையில் கேட்ட குரல் இல்லை. ஒரு வீட்டுக்காரியின் குரல்.

"எவ்வளவு நேரமானாலும் சரி, அண்ணனை வாசல் வழியாவே கொண்டு போங்க. உசிரோட இருக்கிற மனுசன்."

நாற்காலியை அங்குலம் அங்குலமாகத் திருப்பினார்கள். முதல் திருப்பத்தில் என் முழங்கால் சுவரில் இடித்தது, இரண்டாவது திருப்பத்தில் மற்ற முழங்கால். வேறு நாளாக இருந்தால் நாலு பேரையும் திட்டித் தீர்த்திருப்பேன். நான் வாயே திறக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் தலையைக் குனியச் சொன்னார்கள். குனிந்துகொண்டேன்.